சிவப்பு எந்தச் சாம்பலாக மாறும்? கறுப்பு வெள்ளைப் புகைப்படம் பற்றி ஓர் எளிய அறிமுகம்

சென்னையில் வார இறுதி போட்டோ வாக் எதற்குப் போனாலும் இந்த ஆலோசனை காதில் விழும்: "கலர் சரியா வரலையா? கறுப்பு வெள்ளையா மாத்திடு, ஆர்ட்டிஸ்டிக்கா இருக்கும்." காசிமேட்டில் வலையைச் சரிபார்க்கும் பெரியவர், மயிலாப்பூர் மாட வீதியில் பூ கட்டும் பாட்டி, பாரிமுனையில் மீன்பாடி வண்டிமேல் தூங்குபவர். மூவருக்கும் போனில் ஒரே பட்டனைத் தட்டினால் போதும், படத்துக்கு ஆழம் வந்துவிட்டதாக நினைப்பு.

அந்தப் பட்டனைத் தட்டியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஆப் ஏதோ முடிவு செய்கிறது, எடுத்தவர் தலையாட்டுகிறார். கறுப்பு வெள்ளையில் எடுப்பவரின் பார்வையும் மனநிலையும் வெளிப்படும் என்கிறார்களே, அதில் பெரும்பங்கு வெளிப்படுவது நிறங்கள் சாம்பலாக மாறும் அந்தக் கட்டத்தில்தான். அதை ஆப்பிடம் விட்டுவிட்டால், படத்தில் இருப்பது ஆப்பை எழுதியவரின் ரசனை.

அந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கேமரா பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். கையில் ஒரு போன் இருந்தால் சரி.

## மூன்று மதிப்பெண், ஒரு கட்-ஆஃப்

பொறியியல் கவுன்சலிங் கட்-ஆஃப் கணக்கு நம் ஊரில் பாதி வீடுகளுக்கு மனப்பாடம். கணக்குப் பாடத்தின் மதிப்பெண் முழுதாக 100க்கு எடுத்துக்கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50. ஆக மொத்தம் 200. ஒரு பெண் கணக்கில் 90, மற்ற இரண்டிலும் 80 வாங்கியிருக்கிறாள்: 90 + 40 + 40 = 170. ஒரு பையன் கணக்கில் 80, மற்ற இரண்டிலும் 90: 80 + 45 + 45 = 170. கட்-ஆஃபை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். யாருக்கு எந்தப் பாடம் நன்றாக வரும் என்பது அந்த ஒற்றை எண்ணில் கிடையாது.

டிஜிட்டல் கலர் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் இப்படி மூன்று மதிப்பெண் இருக்கிறது. சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஒரு நிறத்தின் மதிப்பெண்களை மட்டும் தனியாகப் பிரித்த பட்டியலுக்குச் சேனல் என்று பெயர். கறுப்பு வெள்ளைப் படத்திலோ புள்ளிக்கு ஒரே மதிப்பெண்: 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை, நடுவில் இருப்பதெல்லாம் சாம்பல். ஓர் இடம் இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்பதைத்தான் டோன் என்கிறோம்.

மூன்றை ஒன்றாக்க ஒரு கட்-ஆஃப் கணக்கு வேண்டும். பரவலாக இருக்கும் கணக்கு இது: சிவப்பில் ஏறத்தாழ 30 சதவீதம், பச்சையில் 59, நீலத்தில் 11. பச்சைக்கு ஏன் இவ்வளவு சலுகை என்றால், மனிதக் கண்ணுக்குப் பச்சைதான் அதிக வெளிச்சமாகத் தெரியும், நீலம் மிகக் குறைவாக. இங்கே கணக்குப் பாடத்தின் இடத்தில் பச்சை உட்கார்ந்திருக்கிறது.

இதைக் காஞ்சிபுரம் பட்டில் போட்டுப் பார்ப்போம். சிவப்புச் சேலை, பச்சைக் கரை. சிவப்பின் மதிப்பெண் 200, 50, 50 என்று வைத்துக்கொள்வோம். 60 + 29.5 + 5.5 = 95. பச்சைக் கரையின் மதிப்பெண் 50, 125, 55. அதற்கு 15 + 73.75 + 6.05, அதுவும் ஏறத்தாழ 95. நேரில் எடுப்பாகப் பிரிந்து நிற்கும் கரை, படத்தில் சேலையோடு கலந்து காணாமல் போகிறது! கல்யாண ஆல்பத்தில் பட்டுச் சேலைகள் கறுப்பு வெள்ளையில் சோபையிழந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது கணக்கை மாற்றுங்கள். சிவப்புச் சேனலை மட்டும் எடுத்துக்கொண்டால் சேலை 200, கரை 50. வெளிர் சேலை, கரிய கரை. பச்சையை மட்டும் எடுத்தால் சேலை 50, கரை 125, அதாவது கரை வெளிர்ந்து சேலை கறுக்கிறது. எடுத்தது ஒரே ஒரு படம். அதற்குள் மூன்று படங்கள் இருந்திருக்கின்றன. மூன்றில் எதையும் தவறு என்று தள்ள முடியாது. முகம்தான் முக்கியமென்றால் சேலை கறுத்து ஒதுங்குவது நல்லது. நெசவுதான் விஷயமென்றால் கரை பிரிந்தே ஆக வேண்டும்.

இதுவரை பார்த்தது: கறுப்பு வெள்ளைக்கு மாற்றுவது என்றால் மூன்று எண்களை ஒன்றாக்குவது. எந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். வேறு வேறு நிறங்கள் ஒரே சாம்பலாக முடியலாம், ஒரே நிறம் வேறு வேறு சாம்பலாகவும் முடியலாம்.

## உயர் நீதிமன்றமும் வானமும்

ஃபிலிம் காலத்தில் சேனல், சதவீதம் எதுவும் கையில் இல்லை. அப்போது இதே வேலையைச் செய்தது ஃபில்டர், அதாவது லென்ஸுக்கு முன்னால் மாட்டும் நிறக் கண்ணாடி. (போனில் நாம் தட்டுகிற 'ஃபில்டர்' வேறு, அது ஏற்கெனவே போட்டு வைத்த எடிட்டிங் கணக்கு.) சிவப்புக் கண்ணாடி சிவப்பு ஒளியை உள்ளே விடும், நீலத்தையும் பச்சையையும் பெருமளவு தடுக்கும். ஆக, சிவப்புப் பொருள் படத்தில் வெளிரும், நீலமும் பச்சையும் கறுக்கும்.

சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தைவிட இதற்கு நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. 1892இல் திறந்த இந்தோ-சாரசெனிக் (இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியப் பாணிகள் கலந்த) கட்டடம், முழுக்கச் செம்மை. மழை விட்ட ஒரு காலையில், பின்னால் நல்ல நீல வானம் இருக்கும்போது வெளியே சாலையில் நின்று எடுங்கள். சிவப்பின் பக்கம் கணக்கைச் சாய்த்தால் கட்டடம் ஒளிர்கிறது, வானம் புயல் வருவதுபோல் இருள்கிறது. நீலத்தின் பக்கம் சாய்த்தால் வானம் வெறும் வெள்ளைக் காகிதம். அதன் முன்னால் கோபுரங்கள் கரிய நிழலாக நிற்கின்றன. முதல் படத்தில் கம்பீரம், இரண்டாவதில் ஒருவித அச்சம். வழக்கு நடத்த வந்தவருக்கு அந்தக் கட்டடம் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1927இல் கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் பாறையை எடுக்கப் போனார். முதலில் மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். அந்தப் படத்தில் பாறை உள்ளபடி பதிந்திருக்கும், ஆனால் அதைப் பார்த்தபோது தனக்கு ஏற்பட்ட பிரமிப்பு பதியாது என்று அவருக்குப் பட்டது. மீதமிருந்த கடைசிக் கண்ணாடித் தகட்டில் (ஃபிலிமுக்குப் பதில் அவர் பயன்படுத்தியது), அடர்சிவப்பு ஃபில்டர் மாட்டி எடுத்தார். வானம் கிட்டத்தட்டக் கறுப்பு, பாறை அதன்முன் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. கிளிக் செய்வதற்கு முன்பே முடிந்த படத்தை மனதில் பார்த்துவிடுவது என்ற அவருடைய பழக்கம் இங்கேதான் தொடங்கியது. அன்று வானம் அத்தனை கறுப்பாக இருந்திருக்காது. அவருக்கு அப்படி இருந்தது.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. மே மாதத்தில் நம் வானம் பெரும்பாலும் நீலமே கிடையாது. கடல் ஈரமும் தூசியும் சேர்ந்து வெளிறிய வெள்ளைதான். சிவப்பை எவ்வளவு தள்ளினாலும் அது அசையாது. மூன்று பாடத்திலும் ஒரே சதவீதம் வாங்கியவருக்கு எந்தப் பாடத்தின் மதிப்பை ஏற்றி இறக்கினாலும் கட்-ஆஃப் மாறாது, அதேபோலத்தான். வெள்ளை, சாம்பல், கறுப்பு மூன்றிலும் சிவப்பு, பச்சை, நீல மதிப்பெண்கள் சமம். 2022 செஸ் ஒலிம்பியாடுக்காகச் சதுரங்கப் பலகைபோல் வண்ணம் பூசிய நேப்பியர் பாலத்தை எடுத்தவர்கள், எடிட்டிங் ஆப்பில் எந்த ஸ்லைடரை (ஒரு நிறத்தின் மதிப்பைக் கூட்டிக் குறைக்க இழுக்கும் பட்டையை) இழுத்தாலும் பாலம் அப்படியே நிற்க, சுற்றியுள்ள கூவமும் வானமும் மட்டும் மாறுவதைப் பார்த்திருக்கலாம்.

## சிவப்பே தெரியாத காலம்

ஃபிலிமில் ஒளியைப் பிடிப்பவை வெள்ளி உப்புகள். அவற்றுக்கு இயல்பாக நீல ஒளிதான் உறைக்கும், சிவப்பு உறைக்கவே உறைக்காது. மதராஸ் மாகாண அரசுக்காகப் புகைப்படம் எடுத்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையிலும் தஞ்சாவூரிலும் கோயில்களை எடுத்தபோது இருந்த நிலை இதுதான். கல்லுக்குத் தேவையான நேரம் லென்ஸைத் திறந்து வைத்தால், நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து வெறும் வெள்ளையாகிவிடும். அவர் சில நெகட்டிவ்களில் மேகங்களைக் கையாலேயே தீட்டிச் சேர்த்தார். எடிட் செய்யாத அசல் படம்தான் நேர்மை என்று இன்று வாதாடுகிறவர்களுக்கு இதை நினைவூட்டலாம்.

1873இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோகல், சில சாயங்களைச் சேர்த்தால் பச்சையும் பதியும் என்று கண்டுபிடித்தார். எல்லா நிறமும் பதியும் ஃபிலிம் பரவலானது 20ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முந்தைய படங்களில் சிவந்த உதடு கறுத்துப் போயிருக்கும். பிரிண்ட் போடும் இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிவதும் இதே காரணத்தால்தான்: சாதாரண கறுப்பு வெள்ளைத் தாளுக்குச் சிவப்பு உறைக்காது.

இதைப் பார்க்கக் கேமரா கூட வேண்டாம். நன்றாக இருட்டத் தொடங்கியதும் ஒரு செம்பருத்திச் செடியைப் பாருங்கள். பகலில் இலையைவிடப் பளிச்சென்று இருந்த பூ, இலையைவிடக் கறுத்திருக்கும். மங்கிய ஒளியில் நம் கண்ணில் வேலை செய்யும் செல்கள் நிறம் பிரித்தறியாதவை, சிவப்பை ஏறத்தாழக் கவனிக்காதவை. நல்ல இருட்டில் நாமே ஏறத்தாழக் கறுப்பு வெள்ளையில்தான் பார்க்கிறோம், கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் போன் கேமராவில் ஒளியைப் பிடிக்கும் சென்சாரும் அடிப்படையில் நிறக்குருடுதான். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு ஒளி விழுந்தது என்று மட்டும் எண்ணும். அதன்மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப்பொடி நிறக் கண்ணாடிகளைப் பரப்பி, பிறகு கணக்குப் போட்டுத்தான் கலர் வருகிறது. கோடாக்கில் இருந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. அதிலும் பாதிக் கண்ணாடிகள் பச்சைதான்.

## நிறம் போனால் வெளிச்சம் பேசும்

நிறத்துக்கும் சாம்பலுக்கும் உள்ள உறவு மேலே சொன்னது. ஆனால் ஒரு பொருள் என்ன டோனில் விழும் என்பது அதன்மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதையும் பொறுத்தது. ஒரே சுவரின் வெயில் பட்ட பாதியும் நிழல் பாதியும் இரண்டு டோன்கள். இருண்ட டோனுக்கும் வெளிர் டோனுக்கும் உள்ள இடைவெளிதான் கான்ட்ராஸ்ட்.

கலர் எடுப்பவர்கள் சென்னையின் உச்சி வெயிலைக் கண்டால் கேமராவைப் பையில் போட்டுவிடுவார்கள். கறுப்பு வெள்ளைக்காரருக்கு அதுவும் வேலை நேரம். சவுகார்பேட்டையின் சந்துகளில் மதியம் ஒரு மணிக்குக் கட்டடங்களுக்கு நடுவே ஒளி ஒரு பட்டையாக இறங்கும். அந்தப் பட்டைக்குள் சுமை தூக்குபவர் ஒருவர் வந்து போகும் ஒரு நொடிக்காகக் காத்திருக்கலாம். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வரும். அப்போது நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும், ஆட்கள் தரையில் ஒட்டிவைத்த பொம்மைகள்போல் தெரிவார்கள். அந்த விநோதம் கலரில் பெரும்பாலும் கவனத்துக்கு வராது.

இங்கே கேமராவின் ஒரு பழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். எதைக் காட்டினாலும் அது நடுச்சாம்பலாக இருக்கும் என்று ஊகித்துத்தான் வெளிச்சத்தை அளக்கிறது. திரை முழுக்க வெள்ளை வேட்டி இருந்தால் அதை அழுக்குச் சாம்பலாக்கும்; கரிய எருமை இருந்தால் அதையும் சாம்பலாக வெளிறடிக்கும். இன்றைய போன்கள் கொஞ்சம் புத்திசாலிகள், ஆனாலும் ஏமாறும். வேட்டிக்கு வெளிச்சத்தைக் கூட்டுங்கள், எருமைக்குக் குறையுங்கள். பெரும்பாலான போன்களில் திரையைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியன் குறியை இழுத்தால் போதும்.

ஆக, டோனை முடிவு செய்பவை மூன்று: பொருளின் நிறம், அதன்மேல் விழும் ஒளி, நாம் போடும் கணக்கு. முதலிரண்டையும் எங்கே, எப்போது நிற்கிறோம் என்பதால் தேர்ந்தெடுக்கிறோம். மூன்றாவதை வீட்டுக்கு வந்து.

## தோல் நிறம் என்ற சங்கடம்

ஸ்டூடியோக்களில் பல தலைமுறையாகக் கேட்கும் புகார் "கறுப்பா விழுந்துட்டேன்". தோல், அது எந்த நிறமானாலும், நீலத்தைவிடச் சிவப்பு ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும். அதனால் சிவப்பு அல்லது ஆரஞ்சு ஸ்லைடரைக் கூட்டினால் முகம் வெளிரும், பருவும் தழும்பும் மங்கும். கணக்கை நீலத்தின் பக்கமோ பச்சையின் பக்கமோ சாய்த்தால் தோல் அடர்ந்து, சுருக்கமும் வெயில் சுட்ட தடமும் எழுந்து நிற்கும்.

எந்தத் தொழில்நுட்பத் தேர்வும் வெறும் தொழில்நுட்பமல்ல என்பது இங்கே அப்பட்டமாகத் தெரிகிறது. போனில் உள்ள 'அழகு' கறுப்பு வெள்ளைகள் சில, கேட்காமலே முகத்தை வெளிறடித்துவிடுகின்றன. இன்னொரு பக்கம், மீனவர்களையும் கட்டடத் தொழிலாளர்களையும் எடுக்கிறவர்கள் கான்ட்ராஸ்டை உச்சத்துக்கு ஏற்றி, மனிதரைச் சுருக்கங்களின் வரைபடமாக ஆக்கிவிடுகிறார்கள். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. கறுத்த தோலில் எத்தனையோ டோன்கள் உண்டு. நெற்றியில் ஒரு பளபளப்பு, கன்னத்தில் ஒரு மென்மை, கழுத்தருகே ஆழம். அவை எல்லாம் பிரிந்து தெரியும் வரை ஆரஞ்சு ஸ்லைடரை மெல்ல நகர்த்தி, அங்கேயே விட்டுவிடலாம். முடிந்தால் எடுக்கப்பட்டவரிடமே படத்தைக் காட்டி, இது நீங்கள்தானா என்று கேளுங்கள்.

## பழமையின் வாசனை

கறுப்பு வெள்ளை என்றாலே கடந்தகாலம் என்று ஒரு நினைப்பு. அதற்கு வரலாறும் காரணம், வேதியியலும் காரணம். பழைய பிரிண்டில் உருவமாக இருப்பது உலோக வெள்ளித் துகள். ஒழுங்காகக் கழுவிய பிரிண்ட் பல பத்தாண்டுகள் தாங்கும். கலர் பிரிண்டில் இருப்பது சாயம், அது வெளிறும். வீட்டில் தாத்தா பாட்டி கல்யாணப் படம் கறுப்பு வெள்ளையில் திடமாக நிற்க, 80களின் கலர் ஆல்பம் செம்மஞ்சளாகிப் போயிருப்பது இதனால்தான். ஊட்டியில் இருந்த பொதுத்துறை நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ஃபிலிமில் எடுத்த குடும்பப் படங்கள் இன்னும் எத்தனையோ பரண்களில் இருக்கும்.

அந்தப் பழமையைக் கடன் வாங்கி நேற்று எடுத்த படத்துக்குப் பூசுவது சுலபம். சைக்கிள் ரிக்‌ஷா, பெட்ரோமாக்ஸ், பாட்டியின் கை என்று பழசாகத் தெரியும் பொருள்களாகத் தேடிப்போகும் பழக்கம் அதிலிருந்துதான் வருகிறது. மெட்ரோ ரயிலில் போன் வெளிச்சம் விழுந்த முகமோ, ஓ.எம்.ஆர். ஐ.டி. கட்டடத்தின் கண்ணாடிச் சுவரோ கறுப்பு வெள்ளைக்குக் குறைந்த பொருள் இல்லை.

மாற்றவே கூடாத படங்களும் உண்டு. கோயம்பேடு பூச்சந்தையில் சாமந்தியும் கோழிக்கொண்டையும் குவிந்திருப்பதை எடுத்துவிட்டு நிறத்தைக் கழற்றினால் மிஞ்சுவது உருண்டைகள். நவராத்திரிக் கொலுவும் அப்படித்தான். நிறம்தான் விஷயம் என்றால் நிறம் இருக்கட்டும். மோசமாக எடுத்த கலர் படத்தைக் கறுப்பு வெள்ளை காப்பாற்றும் என்பதும் பெரும்பாலும் பொய். குழல் விளக்கின் பச்சைச் சாயலை அது மறைக்கும். குழப்பமான பின்னணியை மறைக்காது, சில சமயம் இன்னும் குழப்பும், ஏனென்றால் ஆளையும் பின்னணியையும் பிரித்துக்காட்ட நிறம் இப்போது இல்லை.

## எங்கிருந்து தொடங்குவது

போன் திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி வைத்துக்கொண்டு சுற்றினால், நிறங்கள் எப்படிச் சாம்பலாகின்றன என்று கண் பழகும். ஆனால் சேமிப்பதைக் கலரிலேயே சேமியுங்கள். கறுப்பு வெள்ளையாகவே சேமித்தால் மூன்று மதிப்பெண்களும் போய் கட்-ஆஃப் மட்டும்தான் மிஞ்சும். திரும்பக் கணக்குப் போட முடியாது. கேமராவில் ரா ஃபைல், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு, எடுக்கும் வசதி இருந்தால் இந்தக் கவலை இல்லை. திரையில் கறுப்பு வெள்ளை தெரிந்தாலும் உள்ளே நிறம் பத்திரமாக இருக்கும்.

பிறகு ஸ்னாப்ஸீட் என்ற எடிட்டிங் ஆப்பின் கறுப்பு வெள்ளைக் கருவியில் நிற ஃபில்டர்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். லைட்ரூம் என்ற இன்னொரு ஆப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்லைடரே உண்டு. நீல ஸ்லைடரை அடிவரை இழுத்து வானத்தைக் கறுப்பாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வானம் திட்டுத்திட்டாகவும், கட்டட விளிம்பில் வெள்ளைக் கோடாகவும் வந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம், கொஞ்சம் பின்வாங்குங்கள்.

கடைசியாக, பிரிண்ட். நம் ஊர் லேபுகளில் பெரும்பாலும் கலர் தாளில்தான் கறுப்பு வெள்ளையையும் போட்டுத் தருவார்கள். அங்கே சாம்பல் என்பது மூன்று சாயங்களின் சமக்கலவை. சமநிலை சற்றே பிசகினால் படம் முழுக்க லேசான பச்சையோ ஊதாவோ படியும். பெரிய அளவில் போடுவதற்கு முன் சின்னதாக ஒன்று போட்டு வாங்கி, லேபின் டியூப்லைட்டில் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சாயல் தெரிந்தால் திருத்தித் தரச் சொல்லலாம்.